ஒவ்வொரு கணினியிலும் ஒரு காவல்: பெருநிறுவனத்தில் எண்ட்பாயின்ட் பாதுகாப்புப் பொறியாளரின் பணி

2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய உள்ளடக்கக் கோப்பை அனுப்பியது. 10.57 மணிக்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் இணையத் தொடர்பில் இருந்து அந்தக் கோப்பைப் பெற்றுக்கொண்ட விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுபோயின. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி அவை 85 லட்சம். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. அன்று எந்த எதிரியும் தாக்கவில்லை. கணினிகளைக் காப்பதற்காக நிறுவப்பட்ட மென்பொருளே அவற்றை வீழ்த்தியது.

காரணம் மிகச் சிறியது. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணினியில் ஏற்கெனவே இருந்த சென்சார் (ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்படும் ஃபால்கன் மென்பொருள்) 20 உள்ளீடுகளை மட்டுமே கொடுத்தது. இல்லாத 21-ஆவது மதிப்பைத் தேடி, தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்க முயன்றது அந்த நிரல். சாதாரணச் செயலியில் இப்படி நடந்திருந்தால் அந்தச் செயலி மட்டும் மூடப்பட்டிருக்கும். இது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடிய நிரல் என்பதால் கணினியே நின்றது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தின் சோதனைமுறைக் குறைபாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பாதிக்கப்பட்ட நிறுவனங்களின் உள்ளே இருந்த பாதுகாப்புப் பொறியாளர்களை வாட்டிய கேள்வி வேறு. அவர்களில் பலர் எச்சரிக்கையோடுதான் இருந்தார்கள். சென்சாரின் புதிய பதிப்பு வெளிவந்தால் அதை உடனே ஏற்காமல், ஒன்றிரண்டு பதிப்புகள் பின்தங்கியே இருக்கும்படி கன்சோலில், அதாவது எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் திரையில், அமைத்திருந்தார்கள். ஆனால் அந்த அமைப்பு சென்சார் மென்பொருளுக்கு மட்டுமே பொருந்தியது. புதிய தாக்குதல் முறைகளை அடையாளம் காட்டும் உள்ளடக்கக் கோப்புகள் வேறொரு வழியில், வாடிக்கையாளரின் படிநிலைக் கட்டுப்பாடு எதுவும் இன்றி, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் சென்றன. அந்த இரண்டாவது வழி இருப்பதையும், அதன் வால்வு தன் கையில் இல்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்து, தலைமைக்கு எழுத்தில் சொல்லி, மீட்புத் திட்டம் வைத்திருப்பது யாருடைய வேலை என்றால், அதுதான் மூத்த எண்ட்பாயின்ட் பாதுகாப்புப் பொறியாளரின் வேலை.

எண்ட்பாயின்ட் என்பது இங்கே ஊழியரின் லேப்டாப் மட்டுமல்ல. தரவு மையத்தில் உள்ள சர்வர், கிளவுடில் சில மணி நேரமே வாழும் மெய்நிகர் கணினி, தொழிற்சாலையில் இயந்திரத்தோடு இணைத்த பழைய கணினி, வரவேற்பறையின் பார்வையாளர் பதிவுத் திரை என நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இணைந்து நிரல்களை இயக்கும் எல்லாமே அதில் அடங்கும். பழைய ஆன்டிவைரஸ், கோப்புகளை ஒரு கையொப்பப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இன்றைய கருவிகளை இ.டி.ஆர். (எண்ட்பாயின்ட்டில் தாக்குதலைக் கண்டறிந்து எதிர்வினையாற்றுபவை) என்கிறோம், இந்த வகைக் கருவிகளுக்கு 2013-இல் பெயர் சூட்டியவர் கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஆன்டன் சுவாக்கின். இவை கோப்பைவிட நடத்தையையே கவனிக்கின்றன. எந்தச் செயலி எந்தச் செயலியைத் தொடங்கியது, எந்தக் கோப்பைத் தொட்டது, ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டில் எதை மாற்றியது, வெளியே எந்த முகவரியோடு பேசியது என்பதையெல்லாம் பதிவுசெய்து மையத்துக்கு அனுப்புகின்றன. சந்தேகம் வந்தால் செயலியை நிறுத்தவும், கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கவும், தொலைவிலிருந்தே உள்ளே நுழைந்து ஆராயவும் இவற்றால் முடியும். கண்காணிப்பு மையத்தின் ஆய்வாளர்கள் அலர்ட்டுகளைப் படிக்கிறார்கள். அந்த அலர்ட் எழுவதற்கான விதிகள், அவை எந்தக் கணினிக்குப் பொருந்தும் என்ற பாலிசிகள், கருவியின் நலம் ஆகியவை பொறியாளரின் பொறுப்பு.

ஓர் அலர்ட்டை அருகிலிருந்து பார்க்கலாம். நிதித் துறை ஊழியர் ஒருவரின் லேப்டாப்பில் எக்செல், விண்டோஸின் கட்டளை இயக்கியான பவர்ஷெல்லைத் தொடங்கியிருக்கிறது. பவர்ஷெல்லுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை பேஸ் 64 என்ற குறியீட்டு முறையில் மறைக்கப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தின்படி இது தீங்குடைய மேக்ரோவின் (எக்செல் கோப்புக்குள் எழுதப்படும் சிறு நிரல்) அடையாளம். அனுபவமுள்ள பொறியாளர் முதலில் கட்டளையை விரித்துப் படிப்பார். அது உள் சர்வர் ஒன்றின் பகிர்வுக் கோப்புறையிலிருந்து நாணய மாற்று விகிதக் கோப்பை எடுத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதே கட்டளை வேறு எத்தனை கணினிகளில், எந்தெந்த நாட்களில் ஓடியிருக்கிறது என்று தேடுவார். நிதித் துறையின் முப்பது கணினிகளில் ஒவ்வொரு மாதக் கடைசி நாட்களிலும் மட்டுமே ஓடியிருந்தால், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதி வைத்த மேக்ரோ இது என்று தெரியும். கட்டளையை மறைத்தது தீய நோக்கத்தால் அல்ல. மேற்கோள் குறிகளும் இடைவெளிகளும் கட்டளையில் சிக்கல் தராமல் இருக்கப் பலரும் கையாளும் வழி அது.

இங்கே மூன்று பாதைகள் பிரிகின்றன. எக்செல் பவர்ஷெல்லைத் தொடங்குவதையே தடுத்தால் பாதுகாப்பு கூடும். ஆனால் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாளில் நிதித் துறை நின்றுபோகும். அந்தத் துறைக்கு முழு விலக்கு கொடுத்தால் வேலை நடக்கும்; ஆனால் நிறுவனத்தில் போலி மின்னஞ்சல்கள் அதிகம் வந்து சேரும் துறையே காவலின்றி நிற்கும். மூன்றாவது வழி, அந்த மேக்ரோ செய்யும் வேலையை முறையான திட்டமிட்ட பணியாக சர்வரில் மாற்றி எழுதித் தர உதவிவிட்டு, பிறகு தடையைப் போடுவது. இதற்கு இரண்டு வாரம் ஆகும். நிதித் துறையின் மேலாளரோடு பேச வேண்டியிருக்கும். அந்த மேக்ரோவைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இளநிலைப் பொறியாளர் முதல் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மூன்றாவதற்கு நேரமும் நம்பிக்கையும் திரட்டத் தெரிந்தவரைத்தான் நான் மூத்தவர் என்று சொல்வேன்.

விலக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் துறையில் வெளியே அதிகம் பேசப்படாத, ஆனால் நிறுவனத்தின் உண்மையான பாதுகாப்பு நிலையைத் தீர்மானிக்கும் பகுதி இதுவே. ஒரு மென்பொருள் மெதுவாக ஓடினால், அதை விற்ற நிறுவனத்தின் உதவிப் பிரிவு முதலில் சொல்வது, ‘எங்கள் கோப்புறையை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்குங்கள்’ என்பதுதான். அந்த வரியை டிக்கெட்டில் ஒட்டி, அவசரம் என்று குறித்து, துறைத்தலைவரின் ஒப்புதலோடு அனுப்பிவிடுவார்கள். பொறியாளர் அன்று மாலை விலக்கைப் போட்டால் எல்லோரும் நன்றி சொல்வார்கள். ஐந்தாண்டுகளில் இப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான விலக்குகளில் எது யாருக்காக, எதனால் போடப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும். கணினிக்குள் நுழைந்த தாக்குநர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று எந்தக் கோப்புறைகள் விலக்கப்பட்டிருக்கின்றன என்று தேடுவது. கிடைத்தால் தன் கருவிகளை அங்கேயே வைத்து இயக்குவார். ஏரிக்கரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் எலி வளை வழியேதான் உடைப்பு தொடங்குகிறது.

2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற நெட்வொர்க் நிர்வாக மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே தீங்கு நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த அப்டேட்டைப் பெற்ற வாடிக்கையாளர்கள் 18,000 வரை இருக்கலாம் என்று அந்நிறுவனமே தெரிவித்தது. ஓரியனின் கோப்புறைகளை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கும்படி அதன் உதவிப் பக்கம் அதுவரை பரிந்துரைத்து வந்தது. தீங்கு நிரல் இருந்த கோப்பில் அந்நிறுவனத்தின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. ஆகவே ‘கோப்புறையை விலக்காமல் கையொப்பத்தை நம்புகிறோம்’ என்ற நுட்பமான விலக்குகூட அன்று பயன்பட்டிருக்காது. மைக்ரோசாஃப்ட்டே எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வந்த விலக்குகளில் சிலவற்றை, பவர்ஷெல்லுக்கான விலக்கு உட்பட, 2023 பிப்ரவரியில் நீக்கிவிடச் சொன்னது. ஒரு காலத்தில் நியாயமாக இருந்த விலக்கு பிற்காலத்தில் ஆபத்தாக மாறலாம். அதனால் ஒவ்வொரு விலக்குக்கும் கோரியவர் பெயர், காரணம், முடியும் தேதி ஆகிய மூன்றும் இல்லாமல் போடக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்து, தேதி முடிந்ததும் உண்மையிலேயே நீக்கும் துணிவைக் காட்டுவது, புதிய கருவி வாங்குவதைவிட அதிகப் பயன் தரும் வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது பரப்பு, அதாவது எத்தனை கணினிகளில் சென்சார் ஓடுகிறது என்பது. 40,000 கணினிகள் உள்ள நிறுவனத்தில் 98 விழுக்காட்டில் சென்சார் ஓடுகிறது என்று அறிக்கை வந்தால் கூட்டத்தில் எல்லோரும் மகிழ்வார்கள். மீதி 800 கணினிகள் எவை என்பதே பொறியாளரின் கேள்வி. அந்த எண்ணிக்கையும் நம்பத்தக்கதல்ல, ஏனெனில் மொத்தம் 40,000 என்பது எங்கிருந்து வந்தது? நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் பதிவுசெய்யும் ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள பெயர்கள், கணினி நிர்வாகக் கருவியில் உள்ளவை, பாதுகாப்பு கன்சோலில் உள்ளவை, கொள்முதல் பிரிவின் பட்டியல் ஆகிய நான்கும் எந்தப் பெருநிறுவனத்திலும் ஒத்துப்போவதில்லை. பணியை விட்டுச் சென்றவரின் லேப்டாப் பட்டியலில் இருக்கும், அலமாரியில் தூங்கும். ஒரு குழு தானே கிளவுடில் உருவாக்கிய சர்வர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. சென்சார் நிறுவப்பட்டிருந்தும் வேலை செய்யாத நிலையும் உண்டு. லினக்ஸ் சர்வரில் கெர்னலைப் புதுப்பித்தபின், அந்தப் புதிய கெர்னலை சென்சார் இன்னும் ஆதரிக்காததால், கன்சோலில் பெயர் பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே குறைந்த திறனிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பட்டியல்களை நாள்தோறும் ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் காட்டும் ஒரு சிறிய நிரலை எழுதி, அதை யாராவது ஒருவர் பார்த்தே தீர வேண்டும் என்று நடைமுறையாக்குவது கவர்ச்சியில்லாத வேலை. ஆனாலும் தாக்குதல்கள் பெரும்பாலும் அந்த வேறுபாட்டுக்குள்தான் நுழைகின்றன.

2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற தீங்கு நிரல், மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நிறுத்தியது. நினைவகத்தில் கிடைத்த நிர்வாகி கடவுச்சொற்களையும், மூன்று மாதங்களுக்கு முன்பே பேட்ச் (குறையைத் திருத்தும் அப்டேட்) வெளியிடப்பட்டிருந்த, விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்.எம்.பி.-யின் பாதுகாப்புக் குறையையும் ஒருசேரப் பயன்படுத்தியதால், பேட்ச் போட்டிருந்த கணினிகளும் தப்பவில்லை. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவர் ஜிம் ஹாகமன் ஸ்னாபே பின்னர் டாவோஸ் கூட்டத்தில் தெரிவித்தார். ஆண்டுகள் கழித்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், அகிரா என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்) குழுவை விண்டோஸ் சர்வரில் இ.டி.ஆர். தடுத்துவிட்டபோது, அவர்கள் அதே நெட்வொர்க்கில் இருந்த லினக்ஸ் அடிப்படையிலான வெப்கேமரா ஒன்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து பகிர்வுக் கோப்புறைகள் வழியாகக் கோப்புகளைப் பூட்டியது தெரியவந்தது. அந்தக் கேமராவில் எந்த சென்சாரையும் நிறுவ முடியாது. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. கருவி இல்லாத இடத்தை எதிரி தேர்ந்தெடுத்தார். சென்சார் நிறுவ முடியாத சாதனங்களைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கும்படி நெட்வொர்க் குழுவிடம் கேட்பதும், மறுத்தால் அந்த ஆபத்தை யார் ஏற்கிறார் என்று கையொப்பம் வாங்குவதும் இந்தப் பணியின் பகுதியே. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்தபின் இந்த உரையாடல்கள் கூடியிருக்கின்றன.

தாக்குநர்கள் காவலையே குறிவைப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய, பாதுகாப்புக் குறையுள்ள, ஆனால் முறையாகக் கையொப்பமிடப்பட்ட டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்றைக் கணினியில் ஏற்றி, அதன் வழியாகக் கெர்னலுக்குள் நுழைந்து இ.டி.ஆரை நிறுத்திவிடுகிறார்கள். இத்தகைய டிரைவர்களின் தடைப்பட்டியலை மைக்ரோசாஃப்ட் 2022-ஆம் ஆண்டின் விண்டோஸ் 11 அப்டேட்டிலிருந்து இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. பழைய பதிப்புகளில் அதைப் பொறியாளர்தான் இயக்க வேண்டும். இன்னொன்றும் செய்ய வேண்டும்: இதுவரை ஒழுங்காகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்த சர்வர், அணைக்கப்படாமலேயே திடீரென்று மௌனமானால் அதையே ஓர் அலர்ட்டாக எழுப்ப வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் இந்த விதி தானாக வருவதில்லை. யாராவது எழுதியாக வேண்டும்.

புதிய தடை ஒன்றைக் கொண்டுவரும் முறையில் பொறுமை தெரிய வேண்டும். எந்த விதியும் முதலில் பதிவுசெய்யும் நிலையில் மட்டும் ஓட வேண்டும். அது தடுத்திருக்கக்கூடியவை எவை என்று ஒரு மாத இறுதியையாவது உள்ளடக்கிய காலத்துக்குப் பார்த்த பிறகே உண்மையான தடைக்கு மாற்ற வேண்டும். அடுத்து வளையம் வளையமாக விரிக்க வேண்டும். முதல் வளையத்தில் தகவல் தொழில்நுட்பத் துறையினரை மட்டும் வைப்பது பரவலான வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. அவர்களுடைய கணினியில் கணக்குத் துறையின் பழைய மென்பொருளோ, கிளைகளின் பிரிண்டர் டிரைவரோ, சட்டத் துறையின் ஆவணக் கருவியோ இருக்காது. ஒவ்வொரு துறையிலிருந்தும், ஒவ்வொரு நாட்டு அலுவலகத்திலிருந்தும் விருப்பத்தோடு வரும் சிலரைச் சேர்த்து, ஏதாவது உடைந்தால் நேரடியாக அழைக்கத் தன் எண்ணைக் கொடுத்து வைத்தால்தான் முதல் வளையம் உண்மையைச் சொல்லும். 2024 நிகழ்வுக்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக் உள்ளடக்கக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பவும், வாடிக்கையாளரே வேகத்தைத் தீர்மானிக்கவும் வழிசெய்தது. மைக்ரோசாஃப்ட்டும் 2025 ஜூனில், தன்னோடு இணைந்த பாதுகாப்பு நிறுவனங்கள் அப்டேட்டுகளை வளையங்களாகவே வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கெர்னலுக்கு வெளியே இயங்கும் பாதுகாப்பு மென்பொருளுக்கான தளத்தையும் அறிவித்தது. ஆப்பிள் இந்த மாற்றத்தை 2019-இலேயே மேக் கணினிகளின் கேட்டலினா பதிப்பில் தொடங்கிவிட்டது. கெர்னலிலிருந்து வெளியேறினால் நீலத் திரை ஆபத்து குறையும். விலக்குகளும் விடுபட்ட கணினிகளும் அப்படியேதான் இருக்கும்.

மீட்பை ஒத்திகை பார்க்காத நிறுவனங்களுக்கு அந்த ஜூலை நாள் இன்னொன்றையும் காட்டியது. பாதிக்கப்பட்ட பெரும்பாலான கணினிகளை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு நிலையில் திறந்து, குறிப்பிட்ட கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் அதே நீலத் திரையில் நின்றிருந்தால் என்ன செய்வது? சாவிகளின் பிரதி ஒன்றை, அதே சென்சார் ஓடாத இடத்தில் வைத்து, வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியருக்குத் தொலைபேசியில் படித்துச் சொல்லும் முறையைத் தாய்மொழியில் எழுதி வைத்திருந்தால் விரைவாக மீளலாம். 48 இலக்கங்களைத் தொலைபேசியில் பிழையின்றிச் சொல்வது எளிதல்ல. ஆறு ஆறாகப் பிரித்துச் சொல்லி, மறுமுனையில் திருப்பிச் சொல்லக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் மையங்களில் இந்தப் பணியைச் செய்யும் தமிழர்கள் ஏராளம். தலைமையகம் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும். மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் கூட்டம் இங்கே இரவில் நடக்கும். தலைமையகம் தூங்கும் நேரத்தில் 40,000 கணினிகளும் இங்கிருக்கும் இரண்டு மூன்று பேரின் கையில் இருக்கும். அவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எழுத்தில் தரப்பட வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். விடியற்காலையில் ஒரு சர்வரைத் துண்டிக்க யாரிடம் அனுமதி கேட்பது என்று தேடிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில் ரான்சம்வேர் தன் வேலையை முடித்துவிடும். இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 ஆணையும் பொருந்தும்: பாதுகாப்பு நிகழ்வைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கருவியை வாங்கும்போது 30 நாள் சேமிப்பை மட்டும் எடுத்துக்கொண்ட நிறுவனம், மீதி 150 நாட்களுக்கு வேறு வழி தேட வேண்டும்; அந்தச் செலவை முதல் நாளே சொல்வதும் பொறியாளரின் கடமை.

இந்தப் பணியில் கிடைக்கும் அதிகாரத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இ.டி.ஆர். கன்சோலில் நிர்வாகி உரிமை உள்ளவர் எந்த ஊழியரின் கணினியிலும் தொலைவிலிருந்து நுழைந்து கட்டளை இயக்கலாம், கோப்பை எடுக்கலாம். ஒரே பொத்தானில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டை அனுப்பலாம். ஆகவே அந்தக் கன்சோலைத் தாக்குநர் கைப்பற்றினால் நிறுவனமே அவர் கையில். நிர்வாகிகளுக்குத் தனிக் கணக்கு, திருட முடியாத வன்பொருள் சாவி, தொலைநுழைவுக்கு இரண்டாமவர் ஒப்புதல், எல்லாச் செயலும் வேறொரு குழு பார்க்கும் பதிவில் சேர்தல் ஆகியவற்றை மூத்த பொறியாளர் தன் மீதே முதலில் விதித்துக்கொள்ள வேண்டும். ‘இந்த ஊழியர் பகலில் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் பாருங்களேன்’ என்று ஒரு மேலாளர் தனிச்செய்தியில் கேட்பது அடிக்கடி நடக்கும். ஊழியர்கள் இந்தக் கருவியை ஏற்றுக்கொண்டது தாக்குதலிலிருந்து காக்கும் என்பதற்காக. வேவு பார்க்க அல்ல. அத்தகைய கோரிக்கையை மரியாதையோடு மறுத்து, மனிதவளத் துறையும் சட்டத் துறையும் எழுத்தில் ஒப்புதல் தரும் வழிக்குத் திருப்பி, கேட்கப்பட்டதையும் பதிவுசெய்ய வேண்டும். கேட்பவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் நடைமுறை ஒன்றே என்பதைக் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே, கன்சோல் உரிமை தரும் முன்பே, சொல்லிவிட வேண்டும்.